லாப்ஸ்: கை நழுவியது எங்கே போய் விழுகிறது?

போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார். ஆங்கிலேயத் தலைமை ஆளுநர் டல்ஹௌசியின் 'டாக்ட்ரின் ஆஃப் லாப்ஸ்' பாடநூலில் 'வாரிசு இழப்புக் கொள்கை' என்று வருகிறது. தந்தையின் ஆயுள் காப்பீடு 'லாப்ஸ்' ஆனபோது வந்த கடிதத்தில் 'காலாவதி' என்று இருந்தது. அண்ணனுக்கு அலுவலகத்தில் கொடுத்த மெமோவிலும் அதே 'லாப்ஸ்' இருக்கிறது, அங்கே 'தவறு' என்று பொருள் சொல்கிறார்கள். இவை ஒரே சொல்லா, ஒலி மட்டும் ஒன்றுபட்ட வேறு வேறு சொற்களா, எல்லா இடத்திலும் 'தவறு' என்றே எழுதிவிட்டால் என்ன என்பது கேள்வி. பார்வைக்கு இது சொற்பிறப்புக் கேள்வி. ஆனால் பிழை செய்வதற்கும், வாரிசு இல்லாமல் போவதற்கும், தவணை கட்டாமல் விடுவதற்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்பதைத்தான் அவர் அறிய விரும்புகிறார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். சட்ட ஆவணங்களையும் காப்பீட்டுப் படிவங்களையும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழாக்கி வருபவன் என்ற அளவில் பதில் சொல்கிறேன். இலத்தீனை நான் முறையாகப் பயின்றவன் அல்லன். அகராதிகளோடு பழகியதால் வந்த அறிவே என்னுடையது.

ஒரே சொல் என்பதில் ஐயமில்லை. 'லாபி' என்ற இலத்தீன் வினைக்கு வழுக்குதல், நழுவுதல், சரிந்து இறங்குதல் என்று பொருள். அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் 'லாப்சுஸ்'. கல் விழுவதைப் போல 'தொப்'பென்று விழும் விழுகையை இந்த வினை முதன்மையாகக் குறிக்கவில்லை. பாம்பு ஊர்ந்து போவது, விண்மீன் வானில் சரிவது, ஆற்று நீர் வழுவழுப்பாக ஓடுவது ஆகியவற்றுக்கெல்லாம் உரோமானியக் கவிஞர்கள் இதைக் கையாண்டார்கள். ஆண்டுகள் நழுவி ஓடுகின்றன என்று போஸ்துமுஸ் என்ற நண்பரிடம் ஹொராஸ் புலம்பும் புகழ்பெற்ற பாட்டிலும் இதே வினைதான் நிற்கிறது. ஆகவே கால்வழுக்குதல், காலம் கழிதல் என்ற இரு பொருள்களும் இலத்தீனிலேயே ஒட்டிக்கொண்டு இருந்தவை. பதினைந்தாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, கொஞ்சம் பிரெஞ்சு வழியாகவும் கொஞ்சம் நேராக இலத்தீனிலிருந்தும், இரண்டும் சேர்ந்தே வந்தன. 'கொலாப்ஸ்' என்பது எல்லாம் ஒருசேரச் சரிவது. 'ரிலாப்ஸ்' என்பது தேறியவர் மறுபடி சரிவது. 'எலாப்ஸ்' என்பது காலம் கையிலிருந்து வெளியே நழுவிப் போவது. மருத்துவர் சொல்லும் 'புரோலாப்ஸ்' உள்ளுறுப்பு இடம் நழுவி இறங்குவது, நம் மருத்துவமனைகளில் கருப்பை இறக்கம் என்று எழுதப்படுவது. பனிச்சரிவுக்கு ஜெர்மானியர் சொல்லும் 'லவீனே' கூட இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான்.

இதற்கு மேலே போனால் தரை வழுக்கத் தொடங்குகிறது. 'லாபி' என்ற வினைக்கு மூலம் என்ன என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. உறக்கத்தைக் குறிக்கும் 'ஸ்லீப்' என்ற சொல்லோடு அதை உறவாக்குவோர் உண்டு. உழைப்பைக் குறிக்கும் 'லேபர்' என்பதை, சுமை தாங்காமல் தள்ளாடுவது என்ற பொருளில், பக்கத்து உறவாக்குவோரும் உண்டு. இரண்டும் சாத்தியமே தவிர முடிந்த முடிவு அல்ல. 'மடி' என்று பொருள்படும் 'லேப்' மட்டும் தெளிவாக வேறு. அது பழைய ஆங்கிலத்திலேயே துணியின் ஓரத்தைக் குறித்த சொல், இலத்தீனிலிருந்து வந்தது அன்று.

இந்தச் சொல்லின் இயல்பைப் புரிந்துகொள்ள 'எக்ஸ்பயர்' என்ற சொல்லை அருகில் வைத்துப் பார்ப்பது நல்லது. 'எக்ஸ்பயர்' என்றால் மூச்சை வெளியே விடுவது. மருந்துக் குப்பிக்கு ஆயுள் முடிந்தால் அது 'எக்ஸ்பயர்' ஆகிறது; அதை யாரும் தடுத்திருக்க முடியாது. 'லாப்ஸ்' ஆவது அப்படியன்று. பிடித்துக்கொண்டே இருந்திருந்தால் அது இருந்திருக்கும். பிடி விட்டதால் போயிற்று. யாரும் தள்ளிவிடவில்லை, யாரும் பறிக்கவில்லை, யாரும் கிழித்துப் போடவும் இல்லை. செய்ய வேண்டிய ஒன்றைச் செய்யாமல் விட்டதால், அல்லது இருக்க வேண்டிய ஒருவர் இல்லாமல் போனதால், ஒன்று தானாக நழுவியது. நினைவு நழுவினால் மறதி, நடத்தை நழுவினால் குற்றம், உரிமை நழுவினால் இழப்பு. ஆனால் உரிமையைப் பற்றிய இடங்களில் இந்தச் சொல் கூடுதலாக ஒன்றைச் செய்கிறது: நழுவிய பொருள் எங்கே போய் விழுகிறது என்ற கேள்வியை அது எப்போதும் தூக்கிக்கொண்டு வருகிறது. நம் மொழிபெயர்ப்புகள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதலில் நடத்தை நழுவுவதைப் பார்ப்போம். கி.பி. 250-இல் உரோமப் பேரரசர் தேசியுஸ், குடிமக்கள் அனைவரும் உரோமத் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டார். அஞ்சிப் பணிந்த கிறித்தவர்களைச் சக கிறித்தவர்கள் 'லாப்சி' என்றார்கள், அதாவது வழுக்கியவர்கள். அவர்களில் வகைகள் உண்டு. சிலர் உண்மையாகவே பலியிட்டார்கள், சிலர் ஒரு சிட்டிகை சாம்பிராணி மட்டும் போட்டார்கள், இன்னும் சிலர் எதுவும் செய்யாமலே அதிகாரியைச் சரிக்கட்டிப் பலியிட்டதாகச் சான்றிதழ் வாங்கிவைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்துச் சான்றிதழ்கள் எகிப்தில் பாப்பிரஸ் தாள்களாகக் கிடைத்திருக்கின்றன. அடக்குமுறை ஓய்ந்த பிறகு இவர்களைத் திரும்பச் சேர்ப்பதா வேண்டாமா என்று கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான் காலத்தில் பெரும் சர்ச்சை நடந்தது. வழுக்கி விழுந்தவன் எழுந்து வரலாம் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்ததால்தான் அந்தச் சர்ச்சைக்கே இடம் இருந்தது என்பது என் கருத்து. இன்று குடிநோய்ச் சிகிச்சையிலும் ஒரே ஒருநாள் குடித்துவிட்டதை 'லாப்ஸ்' என்றும், பழைய நிலைக்கே முழுதாகத் திரும்பிவிட்டதை 'ரிலாப்ஸ்' என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். தமிழில் முன்னதைச் 'சறுக்கல்' என்றால் போதும். 'தவறு' என்று எழுதினால் நோயாளியின் தலையில் குற்றம் ஏறிவிடும்.

இனி உரிமைக்கு வருவோம். இடைக்கால ஐரோப்பாவில் ஒரு தேவாலயத்துக்குப் பங்குக் குருவை முன்மொழியும் உரிமை பெரும்பாலும் உள்ளூர் நிலக்கிழாரிடம் இருந்தது. அவர் ஆளை நியமிக்காமல் காலம் கடத்தினால் ஊருக்குக் குரு இருக்கமாட்டார். 1179-இல் கூடிய மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம் இதற்கு ஆறு மாதக் கெடு வைத்தது. இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் அந்த ஆறு மாதம் கடந்தால் உரிமை ஆயரிடம் போகும். ஆயரும் ஆறு மாதம் சும்மா இருந்தால் பேராயரிடம் போகும். அவரும் விட்டுவிட்டால் அரசரிடம் போகும். இதற்குத்தான் அங்கே 'லாப்ஸ்' என்று பெயர். கீழிருப்பவர் கை நழுவவிட்டது மேலிருப்பவர் மடியில் போய் விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

டல்ஹௌசி கையில் எடுத்தது ஏறக்குறைய இந்த ஏணியைத்தான். கிழக்கிந்தியக் கம்பெனியை மேலாண்மைச் சக்தியாக, அதாவது தமக்கு மேலான அதிகாரமாக, ஏற்ற அரசுகளில் மன்னர் ஆண்மகவு இன்றி இறந்தால், கம்பெனி ஒப்புக்கொள்ளாத தத்துப்பிள்ளைக்கு ஆட்சி கிடையாது, அரசு மேலாண்மைச் சக்தியிடம் போய்ச் சேரும் என்பது வாதம். 1848-இல் சதாரா, 1854-இல் ஜான்சியும் நாக்பூரும் இப்படிப் போயின. ஜான்சி மன்னர் கங்காதர ராவ் 1853 நவம்பரில் இறப்பதற்கு முந்தைய நாள்தான் தத்து எடுத்திருந்தார். இந்து தர்மப்படி அங்கே வாரிசு இருந்தார். கம்பெனியின் கணக்கில்தான் இல்லை. ஆகவே 'வாரிசு இழப்புக் கொள்கை' என்ற பாடநூல் தொடர் ஒரு வகையில் கம்பெனியின் கூற்றை அப்படியே ஒப்புக்கொண்டுவிடுகிறது. யார் எதை இழந்தார் என்பதும் அதில் மங்கலாக இருக்கிறது, வாரிசை இழந்ததா, வாரிசு இழந்ததா? ஈழத்து எழுத்தில் காணப்படும் 'அவகாசியிலிக் கொள்கை' (அவகாசி என்றால் வாரிசு) இலக்கணமாக நிற்கிறது, ஆனால் அதுவும் காரணத்தைச் சொல்கிறதே தவிர விளைவைச் சொல்லவில்லை. 'நழுவிய நாடு கம்பெனிக்கு' என்ற விளைவு இரண்டிலும் இல்லை. தேர்வில் பாடநூல் சொல்லையே எழுதுங்கள், மதிப்பெண் அதற்குத்தான். மனத்தில் மட்டும் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூரைப் பற்றியும் ஒரு சொல். அங்கே மராத்திய மன்னராக இருந்த இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசு இன்றி இறந்ததும் அந்த அரச பட்டம் முடிந்ததாகக் கம்பெனி அறிவித்தது. நாடு 1799 உடன்படிக்கையிலேயே கம்பெனிக்குப் போய்விட்டிருந்தது. மிச்சம் இருந்தது கோட்டையும் அதைச் சுற்றிய சிறு பகுதியும் பட்டமும்தான். ஆனால் கம்பெனி மன்னரின் தனிச் சொத்தையும் சேர்த்துக் கைப்பற்றியது. மூத்த அரசி காமாட்சி பாயி வழக்குத் தொடுத்தார். சென்னை உச்ச நீதிமன்றத்தில் வென்றார். 1859-இல், அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றார். அந்தத் தீர்ப்பு, இது அரசு தன் இறையாண்மையால் செய்த செயல், நீதிமன்றம் இதில் தலையிட முடியாது என்று சொன்னது. இங்கே தத்துத் தகராறு இல்லை, ஆகையால் தஞ்சையை டல்ஹௌசி கொள்கையின் தூய எடுத்துக்காட்டாகச் சொல்லக் கூடாது. ஆனாலும் நழுவியதற்கும் பறித்ததற்கும் இடையில் உள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்று காட்ட இதைவிட நல்ல வழக்கை நான் கண்டதில்லை. 'பறித்தோம்' என்று எழுத விரும்பாதவனுக்கு 'லாப்ஸ்' மிக வசதியான சொல்.

நூறாண்டு கழித்து அதே சொல் திரும்பி வந்தது. 1947-ஆம் ஆண்டு இந்திய விடுதலைச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, சமஸ்தானங்கள் மீது பிரிட்டிஷ் மன்னருக்கு இருந்த மேலாண்மை 'லாப்ஸ்' ஆகிறது என்று கூறிற்று. இம்முறை நழுவியது மேலே இருந்தவரின் பிடி. அது எங்கே விழுந்தது? புதிய இந்திய அரசிடம் ஒப்படைக்கப்படவில்லை, சமஸ்தானங்களிடமே திரும்பியது என்பது 1946-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழுவின் குறிப்பாணையிலேயே சொல்லப்பட்ட நிலை. அதைப் பிடித்துக்கொண்டுதான் திருவிதாங்கூர் திவான் சி.பி. இராமசாமி ஐயர் 1947 சூனில் தனிநாடு பேசினார். சட்டத்தில் 'ஒப்படைக்கப்படுகிறது' என்ற சொல் இருந்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடம் இருந்திருக்காது. ஒரு வினைச்சொல்லுக்கு இவ்வளவு எடை.

நம் வீட்டுப் பத்திரங்களில் இதே கேள்வி உயிலில் வருகிறது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவுப்படி, உயிலில் சொத்து எழுதப்பட்டவர் உயில் எழுதியவருக்கு முன்பே இறந்துவிட்டால் அந்தக் கொடை 'லாப்ஸ்' ஆகி, உயிலில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், எஞ்சிய சொத்தோடு சேர்ந்துவிடும். ஆனால் 109-ஆம் பிரிவு ஒரு விலக்கு வைக்கிறது: பெற்றவர் பிள்ளைக்கு எழுதி, பிள்ளை முந்தி இறந்து, அந்தப் பிள்ளையின் வழித்தோன்றல் உயிரோடு இருந்தால் கொடை நழுவாது. இதைக் 'கொடை காலாவதியாகும்' என்று எழுதிய தமிழாக்கங்களைப் பார்த்திருக்கிறேன். காலக்கெடு ஏதும் இல்லாத இடத்தில் காலாவதி எப்படி வந்தது? 'கொடை பலிதமாகாமல் எஞ்சிய சொத்தில் சேரும்' என்று விளைவோடு எழுதுவதே என் வழக்கம். நீளம்தான், ஆனால் அடுத்த வாரிசு சண்டைக்கு வரமாட்டார்.

காலாவதி என்ற சொல் எனக்குக் கசந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் இருக்கும் ஓர் அம்மாள், கணவரின் பாலிசி பற்றி வந்த கடிதத்தை இரட்டை மடிப்பாக மடித்து, முந்தானையில் முடிந்து எடுத்துவந்தார். 'தம்பி, காலாவதி ஆயிடுச்சுன்னு போட்டிருக்கான், பணம் எப்போ வரும்னு மட்டும் பார்த்துச் சொல்லுப்பா' என்றார். காலம் முடிந்தது, ஆகவே முதிர்வுத் தொகை வரப்போகிறது என்று அவர் படித்துக்கொண்டார். அப்படிப் படித்ததில் அவர்மீது பிழை இல்லை. காலம், அவதி என்ற இரு வடசொற்களும் சேர்ந்தால் 'காலக்கெடு' என்பதுதான் பொருள். கெடு முடிந்தது என்ற செய்தி நல்ல செய்தியாகவும் இருக்கலாம் அல்லவா? உண்மையில் நடந்தது, கணவர் படுத்த படுக்கையானபின் இரண்டு அரையாண்டுத் தவணைகள் கட்டப்படாமல் நின்றதுதான். ஆண்டு, அரையாண்டு, காலாண்டுத் தவணைக்கு முப்பது நாளும் மாதத் தவணைக்குப் பதினைந்து நாளும் சலுகைக் காலம் உண்டு. அதற்குள்ளும் கட்டாவிட்டால் காப்பு நின்றுபோகும். ஆனால் செத்துப்போவதில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறைகளின்படி, பங்குச்சந்தை சாராத பாலிசிகளைக் கட்டத் தவறிய முதல் தவணையிலிருந்து ஐந்தாண்டுக்குள், வட்டியும் நிறுவனம் கேட்டால் மருத்துவச் சான்றும் கொடுத்து உயிர்ப்பிக்கலாம். இந்த வாய்ப்பைத்தான் 'காலாவதி' என்ற சொல் அந்த அம்மாளிடமிருந்து மறைத்துவிட்டது. அன்றிலிருந்து 'தவணை தவறியதால் பாலிசி செயலிழந்து நிற்கிறது' என்றுதான் நான் எழுதுகிறேன்.

நாடாளுமன்ற மசோதாவுக்குக் காலாவதி ஓரளவு பொருந்தும், ஏனென்றால் அங்கே அவையின் ஆயுளே முடிகிறது. அரசமைப்பின் 107-ஆம் உறுப்பின்படி, மக்களவை கலைந்தால் அங்கே நிலுவையில் உள்ள மசோதாக்களும், அது நிறைவேற்றி மாநிலங்களவையில் நிற்பவையும் நழுவிவிடும். கூட்டுக்கூட்டத்துக்கு அழைப்பு விடுக்கப்பட்டவை மட்டும் விலக்கு. மாநிலங்களவையில் தொடங்கி, மக்களவை இன்னும் நிறைவேற்றாதவை நிற்கும். மகளிர் இடஒதுக்கீட்டு மசோதாவை 2008-இல் மாநிலங்களவையில் அறிமுகப்படுத்தியது இந்தப் பாதுகாப்பையும் எண்ணித்தான். ஆனால் அது 2010 மார்ச்சில் அங்கே நிறைவேறி மக்களவைக்கு நகர்ந்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விட்டது. 2014-இல் அவை கலைந்தபோது மசோதாவும் போயிற்று. ஒரு படி முன்னேறியதாலேயே நழுவிய விந்தை இது.

'டைம்லாப்ஸ்' படமும், உயரம் ஏற ஏற வெப்பம் குறையும் கணக்குக்கு வானிலையாளர் சொல்லும் 'லாப்ஸ் ரேட்'டும் இந்தச் சொல்தான். முன்னதில் காலம் கழிகிறது, பின்னதில் வெப்பநிலை இறங்குகிறது, கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ். கோயம்புத்தூரில் வியர்த்தவர் ஊட்டியில் ஸ்வெட்டர் தேடுவது இதனால்தான்.

இனி 'தவறு' என்றே எழுதலாமா என்ற கடைசிக் கேள்வி. கேட்டவர் தாம் நினைத்ததைவிட நெருங்கிவிட்டார் என்றே சொல்வேன். தவறு என்ற வினையைப் பாருங்கள்: கை தவறி விழுந்தது, வாய் தவறிச் சொன்னேன், தவணை தவறியது, நெறி தவறினான், பெரியவர் நேற்று இரவு தவறிவிட்டார். வழுக்கல், விடுபடல், பிழை, இறப்பு எல்லாம் ஒரே வினையில். 'லாபி' என்ற இலத்தீன் வினையின் வீச்சுக்கு இதைவிட நெருக்கமான சொல் வேறு மொழியில் தேட வேண்டியதில்லை. இலக்கண நூலார் பிழைக்கு வைத்த 'வழு'வும் வழுவுதலில் பிறந்ததே. வள்ளுவரும் வழுக்கு நிலத்தை 'இழுக்கல் உடையுழி' என்று சொல்லி, அங்கே ஊன்றுகோல் போன்றது ஒழுக்கமுடையார் வாய்ச்சொல் என்கிறார். 'சொல்லிழுக்கு' என்று நாக்கின் சறுக்கலுக்கும் அதே வேரை ஆள்கிறார். இவற்றுக்கும் இலத்தீனுக்கும் உறவு ஏதும் இல்லை. கால் வழுக்குவது எல்லா ஊரிலும் நடப்பதால் உவமை ஒத்துப்போகிறது, அவ்வளவே. சிக்கல் என்னவென்றால், 'தவறு' வினையாக இருக்கும்போது நழுவல் உயிரோடு இருக்கிறது. பெயர்ச்சொல்லாகும்போது இறுகிக் குற்றமாகிவிடுகிறது. 'தவறினான்' வேறு, 'தவறு செய்தான்' வேறு.

அந்த வேறுபாடு உங்கள் அண்ணனின் மெமோவுக்கு முக்கியம். அலுவலக ஆங்கிலத்தில் 'லாப்ஸ்' என்பது, பெரும்பாலும், வேண்டுமென்றே செய்ததாகச் சொல்லாமல், செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதாக மட்டும் சொல்லும் சொல். ஒழுங்கீனம் என்று சொல்ல வேண்டுமானால் அதற்கு 'மிஸ்காண்டக்ட்' என்று வேறு சொல்லே வைத்திருக்கிறார்கள். ஆகவே விளக்கம் எழுதும்போது 'நான் செய்த தவறுக்கு வருந்துகிறேன்' என்று அவர் தொடங்கினால், குற்றச்சாட்டில் இல்லாத ஒன்றை அவரே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். மெமோவில் இருப்பது விடுபட்ட பணியைப் பற்றி மட்டும் என்றால், 'குறிப்பிட்ட நாளில் அந்தப் பதிவு என்னால் விடுபட்டுவிட்டது' என்று, எது, எந்த நாள், ஏன் என்பதோடு எழுதச் சொல்லுங்கள்.